கலைக்களஞ்சியத்தில் ஏறிய மச்சான்

எர்மெக்பாய்க்கு நாற்பத்தொன்பது வயது. அதில் இருபத்திரண்டு வருஷத்தை அக்தொகான் கால்வாயின் முராப்பாகவே கழித்துவிட்டார். மலையிலிருந்து இறங்கும் தண்ணீரை யார் வயலுக்கு எத்தனை மணிக்கு, எத்தனை நிமிஷம் என்று முறைவைத்து விடுகிறவர்தான் முராப். எட்டு நாற்பதுக்குத் தண்ணீர் என்றால் எட்டு முப்பத்தொன்பதுக்கு மதகுப் பலகையில் கை வைத்திருப்பார். தன் கல்யாணத்துக்கு முல்லா பதினேழு நிமிஷம் தாமதமாக வந்ததை இன்றைக்கும் மறக்கவில்லை. பதினேழு என்பதையும் மறக்கவில்லை.

கால்வாயில் பதினொரு மதகுகள். மூன்றாவதற்கு மட்டும் பூட்டு உண்டு. அதன் சாவி எர்மெக்பாயின் இடுப்பு வாரில் தொங்கும். அந்தப் பூட்டை ஊரில் தொசிமின் பூட்டு என்பார்கள். தொசிம்கான், எர்மெக்பாயின் மனைவி ரைஹானுக்கு மூத்த அண்ணன். ஒரு காலத்தில் டிராக்டர் ஓட்டினார். ஊர் நன்மைக்காகத் தன் கைக்காசைப் போட்டு அவர் வாங்கி மாட்டிய பூட்டு அது என்று ஊர் நம்பியது. சாவியைச் சுமந்த எர்மெக்பாயும் நம்பினார்.

மதகில் இத்தனை கண்டிப்பான மனிதருக்கு மாமனார் வீட்டில் இருந்த பதவி வேறு. சாப்பாட்டுக்கு முன்னால் கூமான் என்கிற மூக்குச் செம்பைத் தூக்கிக்கொண்டு, தோளில் துண்டோடு, உட்கார்ந்திருப்பவர்கள் ஒவ்வொருவர் கையிலும் வெந்நீர் ஊற்றிக்கொண்டே வர வேண்டும். புது மாப்பிள்ளை ஓரிரு வருஷம் செய்கிற வேலை. எர்மெக்பாய் இருபத்துநாலு வருஷமாகச் செய்தார். காரணம், ரைஹானின் தங்கையைக் கட்டிய சகலை ஜானுசாக். அவர் எல்லையில் சுங்க அதிகாரி. வந்த முதல் விருந்திலேயே வெள்ளைக் காரில் வந்து இறங்கினார். காரில் வந்தவரிடம் செம்பை நீட்ட யாருக்கும் கை வரவில்லை.

செம்போடு போயிருந்தால் பரவாயில்லை. ஆட்டை அறுத்தால் தலை பெரிய விருந்தாளிக்கு, இடுப்பெலும்பு வயதில் மூத்தவர்களுக்கு, நெஞ்செலும்பு மாப்பிள்ளைக்கு. இதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. மாப்பிள்ளைகள் இரண்டு பேர், நெஞ்செலும்பு ஒன்று என்பதில்தான் சிக்கல். மூத்த மகளைக் கட்டியவர் எர்மெக்பாய். நெஞ்செலும்பு போய் நின்றதெல்லாம் ஜானுசாக்கின் முன்னால். பதினெட்டு வருஷமாக, ஒவ்வொரு விருந்திலும், அந்த வெள்ளைக் கொழுப்பு மினுமினுக்கும் எலும்பு தன் மூக்கைத் தாண்டிப் போவதை எர்மெக்பாய் பார்த்துக்கொண்டே தண்ணீர் ஊற்றினார்.

அந்த வருஷம் வசந்தப் பண்டிகை விருந்தில், அடுத்த மாதம் வரப்போகும் தொசிம்கானின் அறுபதாவது பிறந்தநாள் தோய் விருந்தைப் பற்றிப் பேச்சு வந்தது.

"மச்சானோட அறுபதுக்கு நான் ஒரு குதிரை தர்றேன். மூணு வயசு. வண்டியில ஏத்திக் கொண்டாந்து வாசல்ல இறக்குறேன்," என்றார் ஜானுசாக்.

அறை முழுக்க நாக்கைச் சப்புக்கொட்டியது. அந்த நேரம் பார்த்து எர்மெக்பாய் தொசிம்கானின் கையில்தான் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"நீ என்ன மாப்ளே தரப்போற?" என்று கேட்டார் தொசிம்கான். "தண்ணி ஊத்துறதெல்லாம் கணக்குல வராது, ஆமா."

எல்லாரும் சிரித்தார்கள். ஜானுசாக் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார். எர்மெக்பாய் அதுவரை யோசித்தே பார்த்திராத ஒன்று அவர் வாயிலிருந்து வந்தது.

"மச்சானை நான் கலைக்களஞ்சியத்துல ஏத்துறேன்."

"எதுல?"

"இணையத்துல இருக்கே, உலகத்துல உள்ளது பூரா எழுதி வச்சிருப்பாங்களே. அதுல."

தொசிம்கானின் கைகள் ஈரத்தோடு அப்படியே நின்றன. "அதுல யார் யாரு இருக்காங்க?"

"ராஜாக்க, விஞ்ஞானிங்க, மலை, ஆறு..."

"குதிரை இருக்கா?"

"குதிரைன்னு பொதுவா இருக்கு, மச்சான். சகலை தர்ற குதிரை இல்ல."

துண்டை வாங்கி, விரல் விரலாகத் துடைத்துக்கொண்டார் தொசிம்கான். "அப்படி மட்டும் நீ ஏத்திட்டேன்னா மாப்ளே," என்றார், "அன்னைக்கு நெஞ்செலும்பு உனக்குத்தான். இத்தனை பேர் சாட்சி." கொஞ்சம் நிறுத்தி, "ஏத்தலேன்னா நீ செம்பைத் தூக்கிட்டு வாசல்லயே நின்னுக்க," என்று முடித்தார்.

எர்மெக்பாயின் வாக்கு முழுப் பொய் அல்ல. நூலகத்தில் கணினி வந்த குளிர்காலத்தில், சர்க்கரை காய்ச்சும் பீட்ரூட்டான சர்க்கரைக் கிழங்கைப் பற்றிய கட்டுரையை அவர் படித்தார். நாற்பது நாளைக்கு ஒருமுறை தண்ணீர் விட வேண்டும் என்று போட்டிருந்தது. கிழங்கை நினைத்து அவருக்கு அழுகையே வந்துவிட்டது. விவசாயக் கையேட்டின் பக்க எண்ணைக் குறிப்பிட்டு, பத்து நாள் என்று திருத்தினார். திருத்தம் நின்றது. வானம்பாடி என்று பெயர் வைத்துக்கொண்ட யாரோ ஒருவர் 'நன்றி' என்றுகூட எழுதியிருந்தார். கலைக்களஞ்சியத்தில் எர்மெக்பாயின் மொத்தச் சொத்து அந்த ஒரு எண்தான்.

மறுநாளே கட்டுரை எழுத உட்கார்ந்தார். தொசிம்கான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதினார்.

"மக்களின் பேரன்பைப் பெற்றவர்னு போடு."

"எத்தனை மக்கள், மச்சான்?"

"எண்ணிக்கிட்டா இருப்பாங்க? போடுய்யா."

போட்டார். ஏற்றினார். முப்பத்தெட்டு நிமிஷத்தில் கட்டுரை காணாமல் போனது. கால்வாயில் ஆகச் சின்ன வயலுக்குக்கூட அதைவிட இரண்டு நிமிஷம் கூடுதலாகத் தண்ணீர் உண்டு. கட்டுரை இருந்த இடத்தில் வானம்பாடியின் குறிப்பு நின்றது: 'வணக்கம். இவரைப் பற்றி, இவருக்கு உறவோ இவரால் ஆதாயமோ இல்லாத யாரேனும் எங்கேனும் எழுதியிருக்கிறார்களா? இருந்தால் காட்டவும். இல்லையெனில் வேறு தலைப்பைத் தேர்ந்தெடுக்கவும்.'

தொசிம்கான் இதை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார்.

"உறவில்லாதவன் நம்மளப் பத்தி ஏன்யா எழுதப்போறான்?"

"அதான் கேக்குறாங்க, மச்சான்."

"அவன் என்ன குலம்?"

"யாரு?"

"அந்த வானம்பாடி."

"தெரியாது."

"குலமே தெரியாத ஆளுகிட்ட எப்படிப் பேசி முடிக்கிறது? சரி, எங்க இருக்கான்னு பாரு. குதிரைக்கறிச் சுருள் ரெண்டு அனுப்பி வச்சிருவோம்."

"ஆம்பளையா பொம்பளையான்னே தெரியல, மச்சான்."

"பொம்பளைன்னா பட்டுத்துணியா அனுப்பிடுவோம். இதுக்கு என்னமோ கவலைப்படுறே."

முகவரி இல்லாததால் சுருளும் போகவில்லை, துணியும் போகவில்லை. அதற்குப் பதிலாக தொசிம்கான் ஒரு பெட்டியைத் திறந்தார். உள்ளே பதினேழு பாராட்டுப் பத்திரங்கள். பதினாறு, அவர் வேலை பார்த்த பண்ணையே அவருக்குக் கொடுத்தவை. பதினேழாவது, புத்தாண்டு மரத்தைச் சிறப்பாக அலங்கரித்ததற்காக அவர் மகளுக்குப் பள்ளியில் கொடுத்தது. எல்லாவற்றையும் படம் எடுத்து ஏற்றினார் எர்மெக்பாய். பண்ணை தன் ஊழியருக்குத் தந்த பத்திரம் வெளியார் சாட்சியாகாது என்று பதில் வந்தது. புத்தாண்டு மரத்தைப் பற்றி வானம்பாடி எதுவும் சொல்லவில்லை. நாகரிகம் தெரிந்த ஆள்.

"வெளி ஆளு எழுதினதுதான் வேணுமாமா? புஸ்தகமே இருக்கு!" என்றார் தொசிம்கான்.

உண்மைதான், இருந்தது. அந்த மாவட்டத்தில் அறுபதைத் தொட்ட ஆண் எவனுக்கும் ஒரு புத்தகம் அச்சாகாமல் தோய் நடப்பதில்லை. கெட்டி அட்டை, முன்பக்கம் கோட்டும் தொப்பியுமாகப் படம், உள்ளே ஏழு தலைமுறைப் பெயர்கள், பிறகு வாழ்க்கை. தோய்களில் ஒலிவாங்கி பிடித்து நிகழ்ச்சி நடத்தும் கிதிராலிதான் எல்லாப் புத்தகங்களையும் எழுதுவார். தொசிம்கானுடையதன் பெயர் 'உழைப்பின் உச்சி'. அதன் நாற்பதாம் பக்கத்தில், 1979 வெள்ளத்தில் கால்வாய்க் கரை உடைந்தபோது தொசிம்கான் தனி ஆளாகத் தன் மார்பைக் கொடுத்து வெள்ளத்தைத் தடுத்தார் என்று இருந்தது. மூன்றாம் மதகுக்குச் சொந்தச் செலவில் பூட்டுப் போட்டதும் அதே பக்கத்தில்.

எர்மெக்பாய் புத்தகத்தைச் சான்றாகக் கொடுத்து, கட்டுரையை மறுபடி ஏற்றினார். இந்தத் தடவை மூன்று நாள் நின்றது. அந்த மூன்று நாளும் தொசிம்கான் தெருவில் நடந்தது வேறு மாதிரி இருந்தது. நாலாம் நாள் பதில் வந்தது:

'இதே எழுத்தாளரின் பதினொரு நூல்களை வரவழைத்துப் படித்தேன். 1979 வெள்ளத்தைப் பதினொரு பேர், ஒவ்வொருவரும் தனி ஆளாக, மார்பால் தடுத்திருக்கிறார்கள். பத்தியில் பெயர் மட்டுமே மாறுகிறது. அவர்களில் ஒருவர் பல் மருத்துவர். அந்த ஆண்டு அவர் வேறு மாநிலத்தில் படித்துக்கொண்டிருந்ததாக அதே நூலின் பன்னிரண்டாம் பக்கம் கூறுகிறது.'

எர்மெக்பாய்க்கு இதைவிட வேறொன்று உறுத்தியது. மாவட்ட நீர் அலுவலகத்தின் பழைய நீர்மட்டக் கணக்கை எடுத்துப் பார்த்தார். 1979 வறட்சி வருஷம். கால்வாயில் முழங்காலளவு தண்ணீர்கூட வரவில்லை. நேராகக் கிதிராலி வீட்டுக்குப் போனார்.

"அந்த வருஷம் வெள்ளமே வரலயே?"

கிதிராலி கொஞ்சமும் அசரவில்லை. "ஒரு மனுஷனுக்கு அறுபது வயசு ஆயிருச்சு. இன்னும் ஒரு வெள்ளத்தைக்கூடத் தடுக்கலைன்னா கேக்குறவங்க என்ன நினைப்பாங்க?"

"பதினொரு பேர் தடுத்திருக்காங்க."

"பன்னெண்டு. உங்க பல் டாக்டரோட தம்பி புஸ்தகம் அச்சுல இருக்கு," என்ற கிதிராலி, அவரை மேலும் கீழும் பார்த்தார். "உங்களுக்கும் பதினொரு வருஷத்துல அறுபது வருது. இப்பவே சொல்லிடுங்க, வெள்ளம் வேணுமா, தீ விபத்து வேணுமா?"

இதற்குள் எர்மெக்பாய்க்குக் கலைக்களஞ்சியத்தில் செல்வாக்கு இருக்கிறதென்று ஊரில் பரவிவிட்டது. மதகடியில் தண்ணீருக்குக் காத்திருந்தவர்களில் பாதிப் பேர் இப்போது கட்டுரைக்குக் காத்திருந்தார்கள். கால்நடை மருத்துவர் தன்னைப் பற்றி எழுதச் சொன்னார். ரொட்டிக்கடைக்காரர் தன் அடுப்பைப் பற்றி எழுதச் சொன்னார். துணை நிர்வாகி ஒருவர், போட்டியில் பரிசு வாங்கிய தன் ஆட்டுக்கிடாயின் மூன்று தலைமுறை விவரத்தைத் தட்டச்சு செய்தே கொண்டுவந்தார். நாலாம் மதகுக்காரி ஒருத்தி மட்டும் வேறு கோரிக்கையோடு வந்தாள்.

"என் மருமக வந்து கேப்பா. போட்டுடாதே. இப்பவே சொல்லிட்டேன்."

தோய்க்குப் பதினைந்து நாள் இருந்தது. எர்மெக்பாய் கூச்சத்தை விட்டு வானம்பாடியிடமே கேட்டு எழுதினார்: 'அப்படியானால் நான் எதைப் பற்றித்தான் எழுதலாம்?'

பதில் அன்று மாலையே வந்தது. 'உங்களுக்கு எது நன்றாகத் தெரியும்? பொய் சொன்னால் உடனே கண்டுபிடிக்கும் அளவுக்கு? அதைப் பற்றி உங்கள் சொந்தக்காரர் அல்லாதோர் ஏதும் எழுதியிருக்கிறார்களா என்று தேடுங்கள். இரண்டும் இருக்கும் இடத்தில் தொடங்குங்கள். பெரியதாக இருக்க வேண்டியதில்லை.'

சாப்பிடும்போது ரைஹானிடம் சொன்னார்.

"எனக்கு நல்லாத் தெரிஞ்சது தண்ணிதான்."

"தண்ணியப் பத்தி இந்நேரம் யாராவது எழுதியிருப்பாங்களே, என்னங்க?"

"தண்ணின்னா பொதுவா இல்ல. நம்ம கால்வாய்."

ரைஹான் ரொட்டியைப் பிட்டபடி யோசித்தாள். "ஓடையெல்லாம் போடுவாங்களா அதுல?"

"ஓடையா?" என்றார் எர்மெக்பாய். ஆனால் அவருக்கும் அதே சந்தேகம்தான். இருபத்திரண்டு வருஷமாகத் தினம் மிதித்து நடக்கிற ஒன்று கலைக்களஞ்சியத்தில் ஏறும் என்று எப்படித் தோன்றும்? அதோடு, வாக்குக் கொடுத்தது மச்சானை ஏற்றுவதாக, கால்வாயை அல்ல.

ஆகவே மச்சானைப் பற்றி உறவில்லாதவர் எழுதியதைத் தேடிக்கொண்டு மாவட்ட நூலகத்துக்குப் போனார். நூலகர் ஜிபாகுல் மாவட்டப் பத்திரிகையின் தைத்த தொகுதிகளை மேஜையில் அடுக்கிக் கொடுத்தார். ஒவ்வொன்றும் மதகுப் பலகை அளவு. எர்மெக்பாய் ஒரு பக்கம் விடாமல் புரட்டினார். தொசிம்கானைக் காணோம். கால்வாயோ, எந்தத் தொகுதியைத் திறந்தாலும் வந்து நின்றது. யார் யார் மண்வெட்டியோடு வந்து வெட்டினார்கள், எந்த வருஷம் கரைக்குக் கல் பாவினார்கள், எந்தப் பொறியாளர் எட்டாம் மதகைத் தப்பான உயரத்தில் வைத்துவிட்டுப் போனார் என்றெல்லாம். எட்டாம் மதகில் ஏன் எப்போதும் தண்ணீர் தயங்குகிறது என்ற கேள்விக்கு இருபத்திரண்டு வருஷம் கழித்து விடை கிடைத்தது. அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். கைக்குறிப்பில் தொசிம்கானின் பக்கம் வெறுமையாகவும் கால்வாயின் பக்கங்கள் இடம் போதாமலும் இருந்தன.

நாலாம் நாள், 1986 ஆகஸ்ட் தொகுதியில், 'ஊசி' என்ற கிண்டல் பகுதியில், ஒரு தலைப்பைப் பார்த்தார்:

'டிராக்டர் ஓட்டுநர் தொசிம்கானின் முலாம்பழங்கள் ஏன் இத்தனை இனிப்பு?'

பழம் இனிப்பதற்குக் காரணத்தைப் பத்திரிகைக்காரர் ஒளிக்கவில்லை. பண்ணையின் கிழங்குக்குப் போக வேண்டிய தண்ணீரை, மூன்றாம் மதகை யாருக்கும் தெரியாமல் திறந்து, தொசிம்கான் தன் முலாம்பழத் தோட்டத்துக்குத் திருப்பிக்கொண்டிருந்தார். ஒரு மாதம். கிழங்கு வாடியது, பழம் பெருத்தது. விசாரணைக் குழு வந்தது. குழு உறுப்பினர்களுக்கு முலாம்பழம் பரிமாறப்பட்டது. சாப்பிட்டு முடித்துவிட்டு, மூன்றாம் மதகுக்குப் பூட்டுப் போட உத்தரவிட்டார்கள். கால்வாயில் முறைப் பதிவேடு வைக்கத் தொடங்கியதும் அந்த உத்தரவினால்தான்.

எர்மெக்பாயின் கை தானாக இடுப்புச் சாவியைத் தொட்டது.

"கிடைச்சுதா?" என்று கேட்டார் ஜிபாகுல்.

"கிடைச்சுது."

"உறவில்லாதவங்க எழுதினதுதானே?"

"உறவே இல்லை," என்றார் எர்மெக்பாய். "சத்தியமா இல்லை."

வீட்டில் ரைஹான் முதலில் நம்பவில்லை. பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு பயந்தாள். "கால்வாயை எழுதுங்க. அண்ணன் பேரை மட்டும் போட்டுடாதீங்க."

"போடலைன்னா நான் வாக்குத் தவறினவன். போட்டா உங்க வீட்டு வாசலே எனக்குக் கிடையாது."

"நெஞ்செலும்பு கிடைக்காட்டிப் போகுது. நான் வீட்டுல செஞ்சு போடுறேன்."

"நீ போடுறதும் அங்க போடுறதும் ஒண்ணா?" என்றார் எர்மெக்பாய். அது ஒன்றல்ல என்று ரைஹானுக்கும் தெரியும்.

ஐந்து நாளில் கால்வாய்க் கட்டுரையை எழுதி முடித்தார். எழுத எழுத, முறை தவறாமல் தண்ணீர் விடுகிற சுகம் அதில் இருந்தது. பூட்டைப் பற்றிய இடத்தில், '1986இல் மூன்றாம் மதகில் அனுமதியின்றி நீர் எடுக்கப்பட்டதைத் தொடர்ந்து அதற்குப் பூட்டு போடப்பட்டது. அது தொசிமின் பூட்டு என வழங்கப்படுகிறது' என்று மட்டும் எழுதினார். யார் எடுத்தது என்று சொல்லவில்லை. ஆனால் வாக்கியத்துக்குச் சான்று வேண்டும். சான்றென்றால் பத்திரிகையின் பெயர், தேதி, பக்கம், தலைப்பு. தலைப்பைச் சுருக்கிப் பார்த்தார்: 'முலாம்பழங்கள் ஏன் இத்தனை இனிப்பு?' ஒரு வயலுக்கு இரண்டு நிமிஷத் தண்ணீரைக் குறைத்துவிட்டுத் தூங்கப் போன மாதிரி இருந்தது. எழுந்து வந்து முழுத் தலைப்பையும் போட்டார். அடிக்குறிப்பை யார் படிக்கப்போகிறார்கள்?

வானம்பாடி படித்தார். 'நல்ல கட்டுரை. அடிக்குறிப்புகள் குறிப்பாக நன்று,' என்றார். கட்டுரை ஒரு நாள் நின்றது. இரண்டு நாள் நின்றது. நின்றேவிட்டது.

எர்மெக்பாய் மச்சானைப் பார்க்கப் போனார்.

"ஏறியாச்சு, மச்சான். தனிக் கட்டுரையா இல்ல. கால்வாய்க் கட்டுரையில. பூட்டு வருது."

"என் பூட்டா!" தொசிம்கான் துள்ளி எழுந்தார். "அதான்யா சரி. மனுஷன் பேசக் கூடாது, செஞ்ச காரியம் பேசணும்."

"அதுல ஒரு விஷயம், மச்சான். முதல்ல நீங்க மட்டும் ஒரு தடவை படிச்சுப் பார்த்துட்டு..."

"நானா? முன்கூட்டியேவா? சீச்சீ. சபையோட சேர்ந்துதான் பார்ப்பேன். திரை கட்டச் சொல்லியிருக்கேன்."

தோய் அன்று வீட்டு முற்றத்தில் நீளக் கூடாரம் போட்டு, எதிர்முனையில் வெள்ளைத் திரை கட்டியிருந்தது. வாசலில் சகலை தந்த குதிரை, கழுத்தில் நீல நாடாவோடு நின்றது. மரியாதைக்குரியவர்கள் அமரும் மேலிடத்தில் தொசிம்கானின் சித்தப்பா, எண்பத்துநாலு வயது அப்த்ரசில். அவர் பக்கத்தில் புதுச் சரிகை அங்கியில் தொசிம்கான். எர்மெக்பாய் செம்பும் துண்டுமாக, ஓடுவதற்குத் தோதாக, வாசல் பக்கம் நின்றுகொண்டார்.

திரையில் கட்டுரை தெரிய, கிதிராலி ஒலிவாங்கியைப் பிடித்தார். கையில் எதைக் கொடுத்தாலும் அதைப் புகழ்கிற குரல் அவருக்கு. கால்வாயின் நீளத்தையே கண்ணீர் வரும்படி வாசித்தார். தொசிமின் பூட்டு என்ற சொல் வந்ததும் கூடாரம் கை தட்டியது. தொசிம்கான் நெஞ்சில் கை வைத்துத் தலை குனிந்தார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஜானுசாக் எழுந்து நின்று, "பூட்டு பேருதான் இருக்கு, மச்சானோட முழுப் பேரைக் காணோமே?" என்றார்.

"கீழே இருக்குங்க!" என்று உற்சாகமாகச் சொன்ன கிதிராலி, பக்கத்தின் அடிக்கு இறங்கி, அதே உருக்கமான குரலில் வாசித்தார்: "டிராக்டர் ஓட்டுநர் தொசிம்கானின்... முலாம்பழங்கள்... ஏன் இத்தனை இனிப்பு? ஊசி பகுதி, ஆகஸ்ட் 1986!" அது போதாதென்று ஜிபாகுல் எடுத்துச் சேர்த்திருந்த பத்திரிகைப் பக்கத்தின் படத்தையும் திறந்துவிட்டார். முழுவதையும் படித்தார். நாலாம் வரியில் அவருக்கே விளங்கிவிட்டது. ஆனால் ஓடத் தொடங்கிய அந்த வாய் பாதியில் நின்று பழக்கமில்லை. 'திருட்டுத் தண்ணீர்' என்பதைக்கூட வாழ்த்துப் போலத்தான் சொன்னார்.

தொசிம்கானின் முகம் பீட்ரூட் நிறத்துக்குப் போனது. ஜானுசாக் மெல்லச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்தார். எர்மெக்பாய் வாசலை ஓரக்கண்ணால் அளந்தார். நாலு எட்டு.

அப்போது மேலிடத்திலிருந்து கிழவர் அப்த்ரசில் கைத்தடியால் தரையைத் தட்டினார்.

"எம்பத்தாறா? எம்பத்தாறுல திறந்ததுக்கா இவ்வளவு பேரு? எழுபத்திரண்டுலயே நான் திறந்தேன்டா அந்த மதகை! என் பேரு எங்க?"

"தாத்தா, உங்களுக்கு முன்னாடியே எங்கப்பா அஞ்சாம் மதகுல..." என்று எழுந்தார் கால்நடை மருத்துவர்.

"அஞ்சாம் மதகா? அதுல தண்ணி எடுக்குறதெல்லாம் ஒரு திறமையா? எங்க மாமனார் ரெண்டு மதகை ஒண்ணா..." என்றாள் நாலாம் மதகுக்காரி.

ஒரு நிமிஷத்தில் கூடாரமே எழுந்து நின்றது. அறுபது வருஷத் திருட்டு முழுவதும் வெளியே வந்தது. ஒவ்வொருவரும் தன் அப்பன் பாட்டன் பெயரை எர்மெக்பாயைப் பார்த்துக் கத்தினார்கள். தொசிம்கான் இதையெல்லாம் திகைத்துப் பார்த்தார். தன் கையிலிருந்து ஒன்றைப் பிடுங்குகிறார்கள் என்று கொஞ்சம் கொஞ்சமாக அவருக்குப் புரிந்தது. அங்கியை உதறிக்கொண்டு எழுந்தார்.

"நிறுத்துங்கய்யா! நீங்கல்லாம் திறந்தீங்க, சரி. எவனாவது எழுதினானா? உங்களுக்கு உறவில்லாதவன் ஒருத்தன், ஒரே ஒருத்தன் எழுதினானா? ஆதாரம் எங்கே?" திரையைக் காட்டினார். "மூணாம் மதகு என்னுது!"

எழுந்தவர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். கிழவர்கூடத் தடியை மடியில் வைத்துக்கொண்டார்.

கறித்தட்டுகள் வந்தன. நெஞ்செலும்பு வழக்கம்போல ஜானுசாக்கை நோக்கி வந்துகொண்டிருந்தது. தொசிம்கான் கை நீட்டித் தட்டை மறித்தார்.

"மாப்ளே, அந்தச் செம்பைக் கீழ வை. இங்க வந்து உக்காரு. ஜானுசாக், நீ போய்ச் செம்பை எடுத்துக்க. தண்ணி ரொம்பச் சூடா ஊத்தாத."

எர்மெக்பாய் உட்கார்ந்தார். சகலை அவர் கையில் தண்ணீர் ஊற்றினார், முழங்கை வரைக்கும். அந்த எலும்பை எர்மெக்பாய் அவசரமில்லாமல், எதையும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். ரைஹான் பெண்கள் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். குதிரையைப் பற்றி அன்று யாரும் பேசவில்லை. அது வெளியே நின்று வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை, எர்மெக்பாய் மூன்றாம் மதகுக்குப் போனபோது பூட்டு வெட்டப்பட்டுக் கிடந்தது. மதகுப் பலகை தூக்கியிருந்தது. பளபளக்கும் காலணி நனைய, சுங்க உடுப்பில் ஜானுசாக் நின்றிருந்தார். பக்கத்தில், கேமராவோடு மாவட்டப் பத்திரிகைக்காரர் ஒருவர்.

"கையும் களவுமாப் பிடிச்சுட்டீங்க, சகலை," என்றார் ஜானுசாக், கேமராவைப் பார்த்தபடி. "இவருக்கும் நமக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல. இன்னைக்குத்தான் முதல் தடவையாப் பாக்குறேன். இவரு எழுதட்டும்."

எர்மெக்பாய் கடிகாரத்தைப் பார்த்தார். பலகையை இறக்கினார். பிறகு தண்ணீர் போன வழியில் ஐம்பது எட்டு நடந்து பார்த்துவிட்டு வந்தார். அது சாலையோரம் வழிந்து, ஒரு பழைய டயரைச் சுற்றிக் குட்டையாக நின்றிருந்தது.

"உங்களுக்கு இங்க வயல் இருக்கா, சகலை?"

"எனக்கேது வயல்?"

"தண்ணி எந்தப் பயிருக்கும் போகல. ஒரு முலாம்பழத்துக்குக்கூடப் போகல. இது திருட்டுல சேராது. பூட்டை உடைச்சதுல மட்டும்தான் சேரும்." எத்தனை மணிக்குத் திறந்தது என்று கேட்டுக்கொண்டு, பதிவேட்டைத் திறந்து எழுதினார்: மூன்றாம் மதகு, ஒன்பது நாற்பது முதல் பத்து ஐந்து வரை, இருபத்தைந்து நிமிஷம், வீண். பத்திரிகைக்காரர் கேமராவை உறையில் போட்டுக்கொண்டு, பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார்.

மத்தியானம் ஜானுசாக் கடைத்தெருவிலிருந்து புதுப் பூட்டு ஒன்று கொண்டுவந்தார். நல்ல கனமான பூட்டு. சொந்தக் காசில் வாங்கியது. எர்மெக்பாய் அதை மாட்டி, இரண்டு தடவை இழுத்துப் பார்த்து, சாவியைத் தன் இடுப்பு வாரில் கோத்தார்.

"மதகுக்குச் சொந்தச் செலவுல பூட்டுப் போட்டது நான்தான்," என்றார் ஜானுசாக் மெல்ல. "இதையாவது அதுல சேத்துடுங்களேன், சகலை. நீங்களே கண்ணால பார்த்தீங்க இல்ல?"

"பார்த்தேன்," என்றார் எர்மெக்பாய். "ஆனா நான் உறவாப் போயிட்டேனே. நான் எழுதினா செல்லாது."